அம்மா சீரியஸ்

எங்க ஊர் பள்ளிக்கூடத்துல ஆண்டு மலர் போடுறோம், உங்க தம்பியைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க டீச்சர்னு வந்து கேட்டாங்க. நான் அதே பள்ளிக்கூடத்துல இருபத்தெட்டு வருஷம் கணக்குப் பாடம் நடத்தினவ. மாட்டேன்னு சொல்ல முடியலை. எழுதிக் குடுத்தேன். கூலி வேலை செஞ்ச குடும்பத்துல பிறந்தான், இங்கேயே படிச்சான், மன்னார்குடியில காலேஜ், பரீட்சை எழுதி ராணுவத்துல ஆபீசர் ஆனான், லெப்டினன்ட், கேப்டன், மேஜர், இப்ப கர்னல், ஒரு பட்டாளத்துக்கே தலைவன். போட்டோவோட அச்சாகி வந்துச்சு. ஊரே மெச்சுச்சு. அதுல பொய் ஒண்ணும் இல்லை. ஆனா படிச்சுப் பார்த்தப்ப எனக்கு உறுத்துச்சு. நான் செஞ்ச காரியம் அந்தப் பக்கத்துல இல்லை. அதைத்தான் இப்ப எழுதுறேன். படிச்சுட்டு யாராவது என்னைக் காறித் துப்பினா துப்பிட்டுப் போகட்டும்.

நீடாமங்கலத்துல இருந்து பஸ்ல அரை மணி நேரம் எங்க ஊரு. தம்பி பிறந்த மறு வருஷமே அப்பா மஞ்சக்காமாலையில போயிட்டாரு. எனக்கு அப்ப ஒன்பது வயசு. அம்மா பண்ணை நிலத்துல நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும். காலையில குனிஞ்சா பொழுது சாயத்தான் நிமிரும். அதனால தம்பியை இடுப்புல சுமந்தவ நான். சோறு ஊட்டினது, பேன் பார்த்தது, முதுகுல நாலு வச்சது, எல்லாம் நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா டீச்சர் பொய் மட்டும் பேசாதுன்னும் சேர்த்துச் சொல்லுவாங்க. அந்தப் பேருதான் கடைசியில குடியைக் கெடுத்துச்சு.

காலேஜ் முடிச்சதும் தினம் விடியக்காலையில வெண்ணாத்துக் கரையில ஓட ஆரம்பிச்சான். போலீஸ் வேலைக்குன்னு நினைச்சேன். ராணுவத்துல ஆபீசர் பரீட்சை எழுதப் போறேன்னான். "ஆபீசர்னா இங்கிலீசுல பேசணும்டா, நீ 'யெஸ் சார்' சொன்னாலே எதிர்ல நிக்கிறவன் மூஞ்சியைத் துடைச்சுக்கணும்"னு கிண்டல் பண்ணேன். ரெண்டு தடவை போயிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தான். மூணாவது தடவை எடுத்துக்கிட்டாங்க. சென்னையில பயிற்சி. அது முடியிற அன்னைக்கு ஒரு வழக்கம் வச்சிருக்காங்க. பெத்தவங்கதான் மகன் தோள்ல நட்சத்திரத்தை மாட்டி விடணும். மைதானம் பூரா பட்டுப்புடவையும் கோட்டு சூட்டுமா நிக்குது. எங்க அம்மா வாயில் புடவையில நின்னுச்சு. நகத்துல நாத்துக் கறை, எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. தம்பி நல்ல உயரம், அம்மா குள்ளம். கை எட்டலை, திருகவும் தெரியலை. அவன் சட்டுனு அத்தனை பேர் முன்னாடியும் முழங்கால் போட்டு உக்காந்துட்டான். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. அம்மா அழலை. "கெட்டியா இருக்கா பாரு, எங்கயாவது விழுந்துடப் போவுது"ன்னு நட்சத்திரத்தை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்துச்சு.

ஆரம்பத்துல அவனுக்கு வருஷத்துக்கு ரெண்டு மாசம் லீவு. ஒரு நாள் மிச்சம் இல்லாம அம்மா, நான், என் வீட்டுக்காரர்னு எங்களோடதான் இருப்பான். சாப்பிட்டுட்டு உக்காந்தா கதை கதையாச் சொல்லுவான். அதுல ஒண்ணு லீவுக் கதை. "நடவும் அறுப்பும் வந்தாப் போதும்க்கா, எங்க யூனிட்ல பாதி பேரோட அம்மாவுக்கு உடம்பு முடியாமப் போயிடும். 'அம்மா சீரியஸ், உடனே புறப்படு'ன்னு ஊர்லேருந்து போன் வரும். பஞ்சாப்காரன், பீகார்க்காரன், நம்ம ஆளு, எல்லாருக்கும் இதே கதைதான்." நீ என்ன பண்ணுவேன்னு கேட்டேன். "பொய்னு எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனா நூத்துல ஒண்ணு நிஜமா இருந்துட்டா என்ன பண்றது? அனுப்பிடுவேன்." அம்மா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு. நானும்தான் சிரிச்சேன். பின்னாடி எனக்கு வழி சொல்லிக் குடுத்தது அந்தக் கதைதான்.

அவன் கேப்டனா இருந்தப்ப பண்ணை வீட்டுக்காரங்க நிலத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு வித்தாங்க. நானும் தம்பியும் சேர்ந்து மூணு மா வாங்கினோம். மூணு மான்னா ஒரு ஏக்கர். அம்மா முப்பது வருஷம் குனிஞ்சு நட்ட அதே வயல். பட்டா அம்மா பேருக்கு. எங்க பக்கத்துல நடவு தொடங்குறப்ப நிலத்துக்காரர்தான் வரப்புல நின்னு முதல் முடியை, அதாவது முதல் கட்டு நாத்தை, எடுத்துக் குடுப்பாரு. நடவுப் பொம்பளைங்க அதைக் கும்பிட்டு வாங்கிக்கிட்டு வயல்ல இறங்குவாங்க. அம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசை. "எத்தனையோ பேர் கையிலேருந்து வாங்கிட்டேன். ஒரு தடவை என் புள்ளை கையிலேருந்து வாங்கணும்." அவ்வளவுதான் கேட்டுச்சு.

அந்த வருஷம் ஆத்துல தண்ணி தாமதமா வந்துச்சு. நாத்து விட்டு, அது நடவுக்குத் தயாரானப்ப ஐப்பசி பிறந்துருச்சு. தம்பி பனிமலையில காவல்ல இருந்தான். "இப்ப லீவு கிடைக்காதுக்கா, தை மாசம் வர்றேன், நடவை நீங்களே முடிச்சிருங்க"ன்னான். நாத்துக்கு வயசு இருக்கு. அது தாண்டினா முத்திப் போயிடும், அப்புறம் நட்டாலும் தூர் கட்டாது. அம்மா தினம் போய் நாத்தங்கால் ஓரமா நின்னு பார்த்துட்டு வரும். வாயைத் திறந்து ஒண்ணும் கேக்கலை. ஆளு வச்சு நட்டுடலாமான்னு நான் கேட்டா, இன்னும் ரெண்டு நாள் போகட்டும்னு சொல்லும். எனக்குத்தான் பொறுக்கலை. வாழ்நாள் பூரா ஒண்ணுமே கேக்காத பொம்பளைக்கு இதைக் கூடச் செய்யக் கூடாதான்னு ஒரு ஆத்திரம்.

அவன் யூனிட் நம்பருக்குப் போன் பண்ணேன். "தம்பி, அம்மாவுக்கு முடியலைடா. மூச்சு வாங்குது. டாக்டர் கையை விரிச்சுட்டாரு. உடனே புறப்படு." ஒரு வார்த்தை தடுமாறலை. நாக்கு கூசலை.  "வர்றேன்க்கா"ன்னான். ஒரு கேள்வி கேக்கலை. பட்டாளத்துக்கு வர்ற எல்லாப் போனையும் சந்தேகப்பட்டவன் அக்கா போனைச் சந்தேகப்படலை.

மூணாம் நாள் காலையில வந்து இறங்கினான். அம்மா வாசல்ல உக்காந்து மீன் ஆய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பையைக் கீழ போட்டுட்டு அப்படியே நின்னான். அவன் முகத்துல முதல்ல வந்தது நிம்மதிதான், நான் பார்த்தேன். கோவம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. அம்மா செதில் ஒட்டின கையோட அவன் கன்னத்தைப் பிடிச்சு, "லீவு குடுத்துட்டாங்களா சாமி?"ன்னு கேட்டுச்சு. "ஆமாம்மா, குடுத்துட்டாங்க"ன்னான். பின்னாடி கொல்லையில என்னை மடக்கினான். "அக்கா, நீ செஞ்சது தப்பு. ரொம்பத் தப்பு." "உன் ஆளுங்க சொல்ற பொய்யெல்லாம் உனக்குச் சிரிப்பா இருக்கு, நான் சொன்னாக் கசக்குதோ?"ன்னு பட்டுனு கேட்டுட்டேன். என் வாய் அப்படி. அவன் தலையை ஆட்டிக்கிட்டுச் சிரிச்சுட்டான். "சரி விடு, வந்தாச்சு. அந்த முகத்தைப் பார்த்தப்புறம் என்னத்தைச் சொல்றது"ன்னான்.

மறுநாள் நடவு. கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வரப்புல நின்னு, முதல் முடியை எடுத்து ரெண்டு கையாலயும் குடுத்தான். அம்மா அதை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிச்சு. கூட வந்த பொம்பளைங்க குலவை போட்டாங்க. அன்னைக்கு அம்மா நட்ட மாதிரி நான் பார்த்ததே இல்லை. பேச்சும் சிரிப்பும் பாட்டுமா, நாலு அடிக்கு ஒரு தடவை நிமிர்ந்து மகன் நிக்கிறானான்னு பார்த்துக்கிட்டே நட்டுச்சு. நான் சொன்ன பொய்யை நினைச்சு எனக்குப் பெருமையா இருந்துச்சு. இப்ப என்ன மறைக்கிறது, பெருமையாத்தான் இருந்துச்சு.

வந்த நாலாம் நாள் வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போனோம். அவனுக்குப் போன் வந்துச்சு. இந்தியில பேசிக்கிட்டே நடந்தவன் அப்படியே ஈர வரப்புல உக்காந்துட்டான். பேசி முடிச்சும் எழுந்திரிக்கலை. கிட்ட போய் என்னடான்னேன். புறப்படணும்னான். யூனிட்ல அவசர வேலைன்னு அம்மாகிட்ட சொல்லிட்டு மத்தியானமே கிளம்பிட்டான். நான் வழியனுப்பப் போனேன்.

நீடாமங்கலம் ஸ்டேஷன்ல ரயிலுக்குக் காத்திருந்தப்பதான் விஷயத்தைச் சொன்னான். அவன் கூட்டிக்கிட்டுப் போக வேண்டிய ரோந்து. அவன் இல்லாததால புதுசா வேலைக்கு வந்திருந்த ஒரு லெப்டினன்ட் கூட்டிக்கிட்டுப் போயிருக்கான். இருபத்தி மூணு வயசு, வடக்க ஒரு மலை கிராமத்துக்காரன். பனி சரிஞ்சு மூடிருச்சு. கூடப் போன மத்தவங்களைத் தோண்டி உயிரோட எடுத்துட்டாங்க. அவன் ஒருத்தன் போயிட்டான். "அந்தச் சரிவு எனக்குத் தெரியும்க்கா. அஞ்சு தடவை போயிருக்கேன். எங்க ஒதுங்கி நடக்கணும்னு தெரியும். அவனைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னு இருந்தேன். அதுக்குள்ள உன் போன் வந்துருச்சு." என்னைத் திட்டலை. தண்டவாளத்தையே பார்த்துக்கிட்டு இருந்தான். "அம்மாவுக்குத் தெரியக் கூடாது. யாருக்குமே தெரியக் கூடாது"ன்னான். ரயில் வந்துச்சு, ஏறிட்டான். மன்னிச்சுக்கடான்னு ஒரு வார்த்தை நான் சொல்லலை. ஊரையே ஏசுற வாய், அன்னைக்குப் பார்த்துத் திறக்கலை.

அதுக்கப்புறம் பதினாலு வருஷம். மேஜர் ஆனான், லெப்டினன்ட் கர்னல் ஆனான், நெஞ்சுல மெடல் குத்திக்கிட்டான், கர்னல் ஆகி ஒரு பட்டாளத்தையே பார்த்துக்கிட்டான். ஆனா ஊருக்கு வந்தா பத்து நாள், மிஞ்சினா பன்னெண்டு நாள். ரெண்டு மாச லீவுல மிச்சம் எங்க போகுதுன்னு கேட்டா, வேலைம்பான். கல்யாணப் பேச்சை எடுத்தா எழுந்து போயிடுவான். என்கிட்ட முகம் சுளிச்சதில்லை. புடவை வாங்கிட்டு வருவான், மாத்திரை ஒழுங்காப் போடுறியான்னு விசாரிப்பான். எனக்கு அந்த மரியாதைதான் தாங்கலை. நாலு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தாக் கூட நிம்மதியாத் தூங்கியிருப்பேன். என் முகத்துல முழிக்கப் பிடிக்காமத்தான் ஊருக்கு வர்றதில்லைன்னு நானே முடிவு பண்ணிட்டேன். அம்மா பாவம், "என் புள்ளை பெரிய ஆபீசரு, அவனுக்கு ஏது நேரம்"னு எல்லார்கிட்டயும் பீத்திக்கும். நடவு வந்தா மட்டும், "அந்த வருஷம் மாதிரி லீவு குடுக்க மாட்டாங்களாடி?"ன்னு என்னைக் கேக்கும். நான் எழுந்து அடுப்படிக்குப் போயிடுவேன். தம்பி என்னை மன்னிச்சுட்டானா இல்லையா, அது ஒண்ணுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்துச்சு. கேக்கத் துணிச்சல் இல்லை.

போன வருஷம் அம்மா குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்துச்சு. தலைக்குள்ள ரத்தம் கட்டிருச்சு. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, வர வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்கன்னாங்க. போனைக் கையில வச்சுக்கிட்டு வராந்தாவுல நிக்கிறேன். என்ன சொல்றது? அன்னைக்குப் பொய்யாச் சொன்னதையேதான் இன்னைக்கும் சொல்லணும், வேற வார்த்தை ஏது? "தம்பி, அம்மாவுக்கு முடியலைடா"ன்னேன். அடுத்த மூச்சுலயே "இது நிஜம்டா"ன்னு சேர்த்துக்கிட்டேன். "அதை வேற நீ சொல்லணுமாக்கா"ன்னான். 

அப்புறம் சொன்னான், "எனக்கு அடுத்த ஆபீசர் வெளியூர் போயிருக்கார். அவர் திரும்பி வந்து பொறுப்பை எடுத்துக்கிட்டாத்தான் நான் கிளம்ப முடியும். நாலு நாள் ஆகும்." எனக்குத் தலைக்கு ஏறிருச்சு. "நீதானேடா அங்க பெரியவன்? நீ போறேன்னா உன்னை எவன் தடுக்கப் போறான்? இருக்கிறவங்ககிட்ட சொல்லிட்டு வா"ன்னு கத்தினேன். வராந்தாவுல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. "இப்ப இங்க இருக்கிறவங்க எல்லாம் சின்னப் பசங்கக்கா. அவங்க தலையில கட்டிட்டு வர மாட்டேன். ஒரு தடவை அப்படி வந்தேன்." பதினாலு வருஷத்துல அதைப் பத்தி அவன் வாயிலேருந்து வந்தது அது ஒண்ணுதான்.  போனை வச்சுட்டேன்.

அம்மா மூணு நாள் இருந்துச்சு. ரெண்டாம் நாள் லேசா நினைவு வந்து "தம்பி?"ன்னுச்சு. "வந்துக்கிட்டே இருக்கான்மா"ன்னேன். கண்ணை மூடிக்கிச்சு. வலது கை மட்டும் சும்மா இருக்கலை. கட்டை விரலையும் ரெண்டு விரலையும் சேர்த்து, போர்வை மேல நட்டு நட்டு எடுத்துக்கிட்டே இருந்துச்சு. அதைப் பிடிச்சு நிறுத்த எனக்கு மனசு வரலை. மூணாம் நாள் சாயங்காலம் அடங்கிருச்சு.

ஐஸ் பெட்டியில வச்சு ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம். தம்பி அப்பதான் அங்கேருந்து கிளம்பியிருந்தான். மழை வேற விடாமப் பேஞ்சுச்சு. பங்காளிங்க எல்லாம் பொறுத்துப் பார்த்துட்டு, இனி வச்சிருக்கக் கூடாதும்மா, எடுத்துரலாம்னு சொன்னாங்க. என் வீட்டுக்காரர்தான் கொள்ளி வச்சார். "பெத்த புள்ளை கல்லு மாதிரி இருந்தும் பாரு"ன்னு யாரோ முனகினது காதுல விழுந்துச்சு. அந்தப் பேச்சு எனக்கு வர வேண்டியது, அவன் மேல போய் விழுந்துச்சு.

மறுநாள் காலையில சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கக் கிளம்புற நேரத்துக்கு வந்து சேர்ந்தான். பால் சொம்பை அவன் கையில குடுத்து அனுப்பினேன். திரும்பி வந்து ஈரத் துணியோட என் பக்கத்துல உக்காந்தான். "இன்னும் சூடா இருக்குக்கா"ன்னு மட்டும் சொன்னான்.

அதுக்கு அடுத்த நாள். வந்தவங்க எல்லாம் போயிட்டாங்க. கூடத்துல நானும் அவனும்தான். அவன் போன் அடிச்சுச்சு. எடுத்து இந்தியில பேசினான். எனக்கு இந்தி தெரியாது. ஆனா அந்தக் குரலை எனக்குத் தெரியும். சின்னதுல காய்ச்சல் வந்தா என் மடியில படுத்துக்கிட்டு அப்படித்தான் பேசுவான். யாருடா அதுன்னு கேட்டேன். போனைக் கையால பொத்திக்கிட்டுச் சொன்னான், "எனக்குப் பதிலாப் போனானே, அவனோட அம்மா."

 அவனே சொன்னான். "அவங்களுக்கு அவன் ஒரே புள்ளைக்கா. வீட்டுக்காரரும் இல்லை. பனி விழுறதுக்கு முன்னாடி கூரையைச் சரி பண்ணணும், விறகு வெட்டி அடுக்கணும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். யாரு இருக்கா? லீவுல முக்கால்வாசி அங்கதான் இருப்பேன்." என்னைப் பிடிக்காம வரலைன்னு பதினாலு வருஷமா நான் நினைச்சுக்கிட்டு இருந்திருக்கேன். அவன் போய் விறகு வெட்டிக்கிட்டு இருந்திருக்கான். "உன்கிட்ட பேசணும்னு சொல்றாங்க"ன்னு போனை ஸ்பீக்கர்ல போட்டு நடுவுல வச்சான்.

வயசான குரல், கரகரன்னு இருந்துச்சு. அவங்க ஒண்ணு சொல்ல, அவன் தரையைப் பார்த்துக்கிட்டே தமிழ்ல சொன்னான். "உங்க அம்மா போயிட்டாங்கன்னு கேட்டு ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கலை." அப்புறம் நிறுத்தினான். மேல சொல்லுடான்னேன். "அந்த வருஷம் அம்மாவுக்கு முடியலைன்னு நீங்க கூப்பிட்டீங்களாமே, உங்க தம்பி சொல்லியிருக்கான். நீங்க கூப்பிட்டது நல்லதாப் போச்சு. உங்க அம்மா பொழைச்சு எழுந்துட்டாங்க. இவனும் உயிரோட இருக்கான். இவனும் போயிருந்தா எனக்கு யாரு? உங்களுக்காக நான் தினம் சாமி கும்பிடுறேன்."

என்னால உக்கார முடியலை. "சொல்லுடா"ன்னேன். என்னக்கான்னான். "பொய்னு சொல்லு. அம்மாவுக்கு ஒண்ணுமே இல்லை, ஒரு முடி நாத்துக்காகக் கூப்பிட்டேன்னு சொல்லு. என் பொய்யாலதான் அவங்க புள்ளை போச்சுன்னு சொல்லு. எனக்காகச் சாமி கும்பிட வேண்டாம்னு சொல்லு. உன் காலைப் பிடிக்கிறேன்டா, சொல்லிடு." அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஸ்டேஷன்ல திருப்பிக்கிட்ட கண்ணு, அன்னைக்குத்தான் முழுசா என்னைப் பார்த்துச்சு. அப்புறம் போன் பக்கம் குனிஞ்சு இந்தியில நிதானமா நாலஞ்சு வாக்கியம் பேசினான்.

 சாபம் வரும், ஒப்பாரி வரும், இல்லை போன் அறுந்து போகும்னு நின்னேன். அந்தக் குரல் திரும்ப வந்துச்சு. முன்ன இருந்த மாதிரியே இருந்துச்சு. அதே கரகரப்பு, அதே பிரியம், ஒரு துளி மாறலை. அவன் சொல்லலை.

"என்னடா சொல்றாங்க?"

"அக்கா இப்படி அழுறாங்களே, அவங்களைத் தனியா விடாதேங்கிறாங்க. இந்த வருஷம் என்னைப் பார்க்க வர வேண்டாம், லீவு பூரா அவங்க கூட இருந்துடுன்னு சொல்றாங்க"ன்னான்.